பணி ஓய்வுக்குப் பின் உட்காரப் பழகுதல்: வடசென்னைக்காரர்களுக்குத் தியானமும் தொண்டும், படிப்படியாக

வடசென்னையில் ஓய்வு பெறுகிறவர்கள் பெரும்பாலும் சங்குக்கும் ஷிப்டுக்கும் பழகிய உடம்புக்காரர்கள். 1996-ல் மூடும் வரை பெரம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பின்னி மில் சங்குதான் கடிகாரம். ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ் ஆகிய ரயில்வே பட்டறை ஆட்களுக்கு ரயில்வே நேரம். ஹார்பர்காரருக்குக் கப்பல் வந்த நேரம்தான் நேரம். எண்ணூர், மணலி ஆலைகளில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். முப்பது முப்பத்தைந்து வருஷம் இப்படி ஓடிய உடம்பு, ஓய்வு பெற்ற மறுநாளும் நாலரை மணிக்கு விழித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்தால் போக இடம் இருக்காது. பிரிவு உபசார விழாவில் போட்ட சால்வை பீரோவுக்குள் போயிருக்கும். செட்டில்மெண்ட் பணத்தை எதில் போடலாம் என்று சொல்ல ஆள் வருவார்கள். அந்த நாலரை மணியை என்ன செய்வது என்று சொல்ல யாரும் வருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியானம் ஒரு பாடம், தொண்டு இன்னொரு பாடம் என்று பிரித்து வைத்தால் இரண்டுமே பாதியில் நின்றுபோகும். உட்கார்ந்து பழகப் பழக மனத்தின் இரைச்சல் குறையும். இரைச்சல் குறைந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் குறை காதில் விழும். இதற்கு நமக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற சான்று வள்ளலார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்தவர் அவர். சிறு வயதில் அந்த வீட்டு மாடியறையில் கண்ணாடியை மாட்டி, முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தவர். கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் கிடையாய்க் கிடந்தவர். அதே மனிதர் 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. விளக்கு முன் உட்கார்ந்ததும் ஊருக்கு அடுப்பு மூட்டியதும் அவருக்கு ஒரே வழிபாடுதான்.

முதல் படி: மூன்று மாதம் எந்த முடிவும் எடுக்காதீர்கள்

ஓய்வு பெற்ற சூட்டிலேயே காசிக்கு டிக்கெட் போடுவது, ஆசிரமத்துக்கு ஆயுள் சந்தா கட்டுவது, தீட்சை வாங்குவது எல்லாம் வேண்டாம். முதலில் உடம்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிபி, சுகர், கண், காது நான்கையும் பார்த்துவிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்பதில்லை, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். வெளியே போக முடியாதவர்களுக்கு 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

தியானத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிபி, இதயக் கோளாறு உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் பயிற்சிகளையும் கபாலபாதி போன்ற வேகமான மூச்சையும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்பதோ தலையை வெகுநேரம் தாழ்த்தி வைப்பதோ கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வெகுநேரம் உட்கார்ந்தால் சுகர் இறங்கிவிடலாம். தியானம் செய்கிறேன், இனி மாத்திரை தேவையில்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், அவர் காவி கட்டியிருந்தாலும் சரி.

இரண்டாம் படி: நாற்காலி, மூலை, நேரம்

தரையில் சம்மணம் போட்டால்தான் தியானம் என்று எண்ணிக்கொண்டு முட்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. கை வைக்காத, உட்காரும் இடம் கெட்டியான நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். உயரம் குறைந்தவர்கள் காலுக்குக் கீழே பலகை போட்டுக்கொள்ளலாம். முதுகை நாற்காலியில் சாய்க்காமல் இருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் சின்னத் தலையணை வைத்துச் சாயலாம்.

வீடு சின்னது, ஒரே அறையில் நாலு பேர் தூங்குகிறார்கள் என்றால் மொட்டை மாடி, வாசல் திண்ணை, மாடிப்படி முக்கு எதுவும் ஆகும். தினமும் அதே இடமாக இருக்கட்டும். நேரத்துக்கு அந்த நாலரை மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதாகும்போது விழிப்பு முன்னால் வருவது இயல்பு. அதைத் தூக்கக் கோளாறு என்று பயந்து புரண்டுகொண்டிருப்பதைவிட எழுந்து முகம் கழுவி உட்கார்ந்துவிடலாம். இரவு ஷிப்ட் பார்த்தே பழகியவர்களுக்குக் காலையில் தலை கனமாக இருக்கும், அவர்கள் மாலை ஆறு மணியை வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: மூச்சோடு உட்காருதல்

இதுதான் அடிப்படை. எந்த மதத்தவருக்கும், கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் பொருந்தும். வடசென்னையில் தொழிற்சங்கத்திலும் பகுத்தறிவு இயக்கத்திலும் ஊறிய பெரியவர்கள் பலர் தியானம் என்றாலே ஒதுங்கிப் போவார்கள். மூச்சைக் கவனிப்பதற்கு எந்த நம்பிக்கையும் முன்பணமாகக் கட்ட வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம் பத்தே நிமிடம். கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மூச்சை மட்டும் வேண்டுமென்றே மெதுவாக விடுங்கள், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றே தணியும். அது உடம்பின் இயற்கை அமைப்பு, அதற்கு நாம் இடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பிறகு மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மூக்கு நுனியில் காற்று உரசும் இடத்தையோ வயிறு ஏறி இறங்குவதையோ ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மூச்சு வெளியேறும்போதும் மனத்துக்குள் ஒரு எண். ஒன்று முதல் பத்து வரை, மறுபடி ஒன்று.

நாலு வருவதற்குள் எண்ணிக்கை தவறிவிடும். எல்லாருக்கும் தவறும். கவனித்த கணத்தில் ஒன்றுக்குத் திரும்பி வாருங்கள். இப்படித் தவறித் திரும்புவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது முறை தவறி முப்பது முறை திரும்பியவருக்கு அன்றைய பயிற்சி நன்றாகவே நடந்திருக்கிறது. ‘எனக்கு மனசு நிக்கலைங்க, எனக்கு இது ஒத்துவராது’ என்று விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். வருஷக்கணக்கில் மெஷின் சத்தத்தையும் மேலதிகாரியின் குரலையும் எதிர்பார்த்தே வேலை செய்த மனம் பத்து நாளில் நிற்காது. அதனிடம் கொஞ்சம் கருணை வேண்டும்.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து நாலடி தள்ளித் தரையைப் பாருங்கள். அப்போதும் தலை சாய்ந்தால் எழுந்து நின்றுகொண்டே செய்யலாம்.

மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நிமிடம். இப்போது எண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சைச் சிறிது நேரம் கவனித்தபின் உச்சந்தலையில் தொடங்கிக் கவனத்தை மெல்லக் கீழே இறக்குங்கள். நெற்றி, தாடை, தோள், முழங்கை, விரல், நெஞ்சு, இடுப்பு, முட்டி, உள்ளங்கால். ஒவ்வோர் இடத்திலும் என்ன தெரிகிறது என்று பார்த்தால் போதும். சூடு, அரிப்பு, இறுக்கம், சில இடத்தில் ஒன்றுமே தெரியாது. லேத்திலும் வெல்டிங்கிலும் நின்றவர்களுக்குத் தோளிலும் இடுப்பிலும் பழைய வலி பேசத் தொடங்கும். அதை விரட்ட வேண்டாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குத்துகிறதா எரிகிறதா என்று கொஞ்ச நேரம் உடனிருந்து பாருங்கள். தாங்கவில்லை என்றால் மெதுவாக நிலையை மாற்றிக்கொள்ளலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதில் புண்ணியம் எதுவும் இல்லை.

ஒன்றரை மாதம் ஆனபின் இருபது நிமிடத்துக்கு வந்துவிடுங்கள். அதற்கு மேல் கூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் மாலையில் இன்னொரு முறை.

முடிக்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். கண் திறந்தவுடன் எழக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே இருந்து, கால் விரல்களை அசைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வாழ்க்கையே மாறிவிடும்.

உட்காரவே முடியாதவர்கள் நடக்கலாம். மொட்டை மாடியில் பதினைந்து அடி போய்த் திரும்பி வருகிற இடம் போதும். குதிகால் படுவது, பாதம் படுவது, விரல் அழுத்துவது ஆகிய மூன்றையும் கவனித்து மெல்ல நடப்பதும் முழுத் தியானம்தான்.

நான்காம் படி: சத்தமும் வாடையும்

நம் பக்கத்தில் அமைதியான இடம் தேடினால் ஆயுள் முடிந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி விடிய விடிய ஓடும். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி. காசிமேட்டில் படகு வந்து ஏலம் தொடங்கினால் விடியுமுன்பே சந்தை இரைச்சல். பாங்கு, கோயில் ஸ்பீக்கர், மாதாகோயில் மணி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தெருக்கள் உண்டு. இதற்கெல்லாம் காதில் பஞ்சு வைக்காதீர்கள். சத்தத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். லாரி தூரத்தில் கேட்கிறது, நெருங்குகிறது, கடந்துபோகிறது, தேய்கிறது. அதற்குப் பெயர் வைக்காமல், எரிச்சல் படாமல், முழுக்கக் கேட்டு முடிப்பது மூச்சைக் கவனிப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த பயிற்சி இல்லை. ஆலைச் சத்தத்தில் காது மந்தமாகி உள்ளே ‘ரீங்’ என்று ஓயாமல் கேட்கிறவர்களுக்கும் இதே முறை உதவும்.

காற்று வேறு விஷயம். மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் காற்றில் ரசாயன வாடை அடிக்கும் நாட்களில் வெளியே ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்யவே கூடாது. ஜன்னலை மூடிவிட்டு, இயல்பான மூச்சோடு உள்ளேயே உட்காருங்கள். தூசியிலும் புகையிலும் பல வருஷம் வேலை பார்த்து இளைப்பு வருகிறவர்கள் மூச்சை விட்டுவிட்டு உடம்பையோ சத்தத்தையோ கவனிப்பது நல்லது. மூச்சைக் கவனிக்கக் கவனிக்கப் பதற்றம் கூடுகிறது என்று அவர்களில் பலர் சொல்வார்கள். அது அவர்கள் குறையில்லை.

ஐந்தாம் படி: உள்ளே கிளம்பும் பழைய கணக்கு

இரண்டு மூன்று மாதத்தில் இன்னொன்று தொடங்கும். எதிர்பாராத நாளில், எதிர்பாராத முகங்கள் வரும். பதவி உயர்வைத் தட்டிப் பறித்த ஆள். ஸ்ட்ரைக் நேரத்தில் நீங்கள் பேசாமல் இருந்துவிட்ட நண்பர். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஓவர்டைம் பார்க்கப் போன இரவு. பாகப் பிரிவினையில் முகம் முறிந்துபோன அண்ணன். வேலை இருந்தவரை இவற்றை நினைக்க நேரம் இருந்ததில்லை. இப்போது நேரம் கிடைத்ததும் வரிசையில் வந்து நிற்கின்றன.

தியானம் நிம்மதி தரும் என்று மட்டுமே கேள்விப்பட்டு வந்தவர்கள் இங்கே மிரண்டுபோகிறார்கள். மிரள வேண்டாம். வந்த முகத்தைப் பார்த்து, உள்ளுக்குள் ‘கோபம்’ என்றோ ‘குற்ற உணர்ச்சி’ என்றோ ஒரு பெயர் சொல்லுங்கள். அது உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் தொண்டை, நெஞ்சுக்குழி, அடிவயிறு. அங்கே கவனத்தை வைத்துச் சில மூச்சு இருந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வாதாடித் தீர்ப்பு எழுதும் ஆசை வரும். அந்த வழக்கை உட்காரும் நேரத்தில் எடுக்காதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆம்பளை அழக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை நாம். நாற்காலியில் தனியாக உட்கார்ந்து அழுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. உயிரோடு இருப்பவரிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பு ஏதாவது மிஞ்சினால், தியானம் முடிந்தபின் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் பேச ஒரு கல்யாணமோ சாவோ வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

துணையை இழந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் வருஷத்தில் கண்ணை மூடினாலே அவர் நினைவு மட்டும்தான் வரும். அப்போது தனியாக வெகுநேரம் உட்கார வேண்டாம். ஐந்து நிமிடம் போதும், கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அதற்குத் தியானம் மருந்தில்லை. டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. குடிப்பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரி உதவியோடு நிறுத்துங்கள். நாற்காலி காத்திருக்கும்.

ஆறாம் படி: உங்கள் வழியைக் கண்டுகொள்ளுங்கள்

மூச்சில் ஊன்றியபின் அவரவர் மரபுக்குள் போவது ஆழம் தரும். இதற்கு நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. வடசென்னை மண் ஞானியர் நடந்த மண்.

ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருக்கிறார். ராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகே பிறந்து, வசதியான குடும்பத்தை உதறிவிட்டு வந்து, இங்கே தவம் இருந்து 1838-ல் மறைந்த சூஃபி. தமிழில் அவர் பாடிய கண்ணிகளை எந்த மதத்தவரும் பாடலாம், பாடுகிறார்கள். தொண்டியார் இருந்த பேட்டை என்பதே தண்டையார்பேட்டை ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இஸ்லாமிய மரபில் வந்தவர்களுக்கு விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து தஸ்பீஹ் மணிமாலையோடு திக்ரு, அதாவது இறைவன் பெயரைச் சொல்லி நினைவுகூர்தல், செய்கிற நேரமே இயல்பான தியான நேரம். புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம், அவசரப்படாமல் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முழு மூச்சு கொடுத்தால் போதும். கிறிஸ்தவர்களுக்கு ஜெபமாலை அப்படித்தான். பெரம்பூர் லூர்து மாதா கோயிலிலும் ராயபுரம் புனித பேதுரு கோயிலிலும் பூசை இல்லாத நேரத்தில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பாருங்கள்.

சைவ வழியினர் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்கு மெட்ரோவிலேயே போகலாம், தேரடி நிறுத்தம். 2021-ல் இந்தத் தடம் வந்தபின் முட்டி வலிக்காரர்களுக்கும் அது எட்டும் தூரம். அங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசமில்லாத தரிசனம். அந்தக் கூட்டத்தில் நசுங்கிப் பார்ப்பதும் ஒரு பாக்கியம்தான், ஆனால் தியானத்துக்கு ஏற்றது சாதாரணச் செவ்வாய், புதன் மதியத்துக்கு முந்திய நேரம். வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தை ஒரு சுற்று, பேசாமல், போனை அணைத்துவிட்டு, அடியளந்து நடந்து வாருங்கள். வள்ளலார் வழியில் ஈடுபாடு உள்ளவர்கள் வீட்டில் ஒரு விளக்கை ஏற்றி, சுடரைச் சற்று நேரம் பார்த்து, கண்ணை மூடி, மனத்துள் அந்த ஒளியை வைத்துக்கொண்டு இருக்கலாம். கண் அறுவை செய்துகொண்டவர்கள் சுடரை உற்றுப் பார்க்க வேண்டாம்.

ஒரு வழியைத் தேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் அதிலேயே இருங்கள். யூடியூபில் காலைக்கு ஒரு குரு, மாலைக்கு ஒரு குரு என்று கேட்டுக்கொண்டிருந்தால் காது மட்டும்தான் நிறையும்.

ஏழாம் படி: வீட்டில் ஆரம்பியுங்கள்

ஆண்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்றீர்கள், உங்கள் வீட்டுக்காரம்மா பெறவில்லை. நீங்கள் பகல் முழுக்க வீட்டில் இருப்பதால் அவருக்கு இன்னும் இரண்டு காபி, இன்னும் ஒரு சாப்பாடு, ‘அது எங்கே, இது எங்கே’ என்ற கேள்விகள். ‘தியானம் பண்றேன், சத்தம் போடாதே’ என்று அவரை அதட்டிவிட்டுக் கண்ணை மூடுவது தியானம் ஆகாது. குடித்த டம்ளரைக் கழுவி வைப்பது, மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் குடத்தைத் தூக்குவது, காய் நறுக்குவது இவற்றை முழுக் கவனத்தோடு செய்யுங்கள். கத்தி, காய், கை என்று கவனம் நிற்கும்போது அதுவும் இருபது நிமிடத்தில் சேர்ந்ததே. அதைவிட முக்கியம், அவருக்கும் தினம் இருபது நிமிடம் யாரும் கூப்பிடாத நேரம் வாங்கிக் கொடுங்கள். பேரப்பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் தியானத்தில் கணவனைவிட மனைவி வெகு சீக்கிரம் ஊன்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது அந்த இருபது நிமிடம்தான்.

எட்டாம் படி: யாருக்கு நான் வேண்டும்?

வாழ்க்கையின் நோக்கம் தியானத்தில் ஒருநாள் பளிச்சென்று தெரியும் என்று காத்திருக்காதீர்கள். அது வேலை செய்யச் செய்யத்தான் புலப்படும்.

திருவொற்றியூர்க் கலிய நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வணிகத்தில் செல்வராக இருந்து கோயிலுக்கு விளக்கெரித்தவர். செல்வம் போனது. அவர் தொண்டை நிறுத்தவில்லை. தம் குலத்தார் செக்கிலேயே கூலிக்கு உழைத்து, அந்தக் கூலியில் விளக்கெரித்தார். அதுவும் இல்லாமல் போன நாளில் எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தையே விளக்கில் விட முனைந்தார் என்கிறது பெரியபுராணம். முதலாளியாக இருந்த இடத்தில் கூலியாளாக நிற்க அவருக்குக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அவர் கண் விளக்கின்மேல் இருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு நம் ஊர் வைத்திருக்கிற மிகப் பெரிய பாடம் இவர் என்று நான் நினைக்கிறேன். நாற்காலி போய்விட்டது, மெமோ போட ஆள் இல்லை, ‘சார்’ என்ற அழைப்பு குறைந்துவிட்டது. இந்த நிலையிலும் நம்மால் எரிய வேண்டிய விளக்கு எது?

அதைத் தேட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம், தினமும் இரவில், இன்று எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, இன்று யார் என்னைத் தேடினார்கள், தெருவில் நடக்கும்போது எதைப் பார்த்து மனம் வலித்தது என்று எழுதி வையுங்கள். படித்துப் பார்த்தால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்திருக்கும். அங்கே தொடங்குங்கள்.

எலக்ட்ரீஷியனாக இருந்தவர் தனியாக இருக்கும் ஆயாக்கள் வீட்டு ஒயரிங்கைப் பார்த்துத் தரலாம். ஆபீஸ் வேலை பார்த்தவருக்கு பேங்கிலும் இ-சேவை மையத்திலும் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் கூட்டமே போதும், ஆயுளுக்கும் தொண்டு உண்டு. ஸ்டான்லியில் எந்த பிளாக், எந்த வரிசை என்று தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து நிற்பவருக்குக் கூட நடந்து காட்டினால் அவர்கள் வாயால் வாழ்த்துவார்கள். கணக்கு நன்றாக வரும் என்றால் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம். கண்புரை விழுந்து பேப்பர் படிக்க முடியாத கூட்டாளிக்கு தினத்தந்தி படித்துக் காட்டுவதும் அதே தரத்துத் தொண்டுதான். கோயிலில் உழவாரப் பணி, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாட்கள், பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை என அமைப்பாகச் செய்யவும் இடம் உண்டு.

எதை எடுத்தாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும், வாரம் ஒரே நாள், ஒரே நேரம் இருக்கட்டும், மூன்று மாதம் தவறாமல் செய்யுங்கள். பதவி எதையும் ஏற்காதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் நாற்காலியில் உட்கார்ந்த மறுவாரமே பழைய ஆபீஸ் மனத்துக்குள் திறந்துவிடும். பெருக்குகிறவராக, பரிமாறுகிறவராக இருங்கள். ஒரு நாள் பரிமாறிவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள், அன்றைய இருபது நிமிடத்துக்கு ஒரு தனி அடர்த்தி இருக்கும்.

ஒன்பதாம் படி: குழுவும் முகாமும்

தனியாகத் தொடங்கியவருக்கு ஆறு மாதத்தில் ஒரு சோர்வு வரும். அப்போது கூட்டு நல்லது. கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் நகரெங்கும் உண்டு. அங்கே எளிய உடற்பயிற்சியும் சேர்த்துச் சொல்லித் தருவது வயதானவர்களுக்கு ஏற்றது. விபாசனா தியானத்துக்குத் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. பத்து நாள், கட்டணம் இல்லை, போன் கிடையாது, பேச்சு கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி நாள் முழுக்க உட்கார வைப்பார்கள், மாலையில் முழுச் சாப்பாடு கிடையாது. வீட்டில் சில மாதம் உட்கார்ந்து பழகாமல் அதற்குப் போகாதீர்கள். சுகர், இதயம், மனநல மருந்து எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

முதல் சந்திப்பிலேயே பணம் கேட்பவர், பி.எஃப். எவ்வளவு வந்தது என்று விசாரிப்பவர், குடும்பத்திடம் சொல்லாதே என்பவர், நோய் தீரும் என்று உறுதி தருபவர் என யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பத்தாம் படி: கடைசிப் பயணத்தோடு பழகுதல்

திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் அடங்கியிருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் பெரிய வணிகராக இருந்து, காதற்ற ஊசி ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் விட்டவர் என்பது நமக்குத் தெரிந்த கதை. பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அதுவே உனக்கு முடிவிடம் என்று சொல்லப்பட்டு, அது இனித்த இடம் நம் ஊர். மாதம் ஒருமுறை மாலையில் அங்கே போய், மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்தபின், ‘இந்த மூச்சும் ஒருநாள் நிற்கும்’ என்பதை மனத்தில் வைத்து உட்காருங்கள். முதல் தடவை வயிற்றைப் பிசையும். போகப் போக அந்த நினைப்போடு இயல்பாக இருக்க முடியும், கூடவே சின்னச் சண்டைகளில் பிடிவாதம் தளரும். மனம் கனத்திருக்கும் நாட்களில், துக்கம் பச்சையாக இருக்கும் நாட்களில் இதைச் செய்ய வேண்டாம்.

இதற்கு ஒரு வெளி வேலையும் உண்டு. பென்ஷன் ஆர்டரில் துணையின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா, பேங்க் கணக்குகளுக்கு நாமினி போட்டாயிற்றா என்று பாருங்கள். உயில் எழுத வேண்டியிருந்தால் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எந்த மாத்திரை எப்போது, எந்த டாக்டர், கடைசி நேரத்தில் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கண் தானம் செய்ய விருப்பம் என்றால் வீட்டில் இப்போதே சொல்லுங்கள், உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது தானாக நினைவுக்கு வராது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, அது பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று துணைக்கும் ஒரு பிள்ளைக்கும் எடுத்துக் காட்டிவிடுங்கள்.